101 எழுத்து எழுதியது குறித்து செக்பேட்ச் சமூகத்துக்கு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு செக்பேட்ச் சமூகம், ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரி, லினக்ஸ் கெர்னல்.
பொருள்: ஓர் எழுத்து கூடியதால் திரும்பி வந்த பேட்ச்.

லினக்ஸ் கெர்னலுக்குள் போக விரும்பும் டிரைவர் எதுவானாலும் முதலில் சமூகத்தின் பார்வையில் பட்டாக வேண்டும். பேட்சின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் பெர்ல் ஸ்கிரிப்டான சமூகத்துக்குக் கோடைக் கம்பைல் செய்து பார்க்கும் அவசியமில்லை. மேலோட்டமாகப் பார்த்தாலே போதும். டேப் என்றால் 8 எழுத்து. வரிக் கடைசியில் ஸ்பேஸ் ஒட்டியிருந்தால் எரர். ஒற்றை வரி இஃப்புக்கு அடைப்பு போட்டால் வார்னிங். 80 எழுத்தாக இருந்த வரி நீளத்தை 2020-இல் 100 வரை தளர்த்தியது சமூகத்தின் தாராள குணம். கல்யாண வீட்டு மொய்யில் 101 எழுதினால் மங்களம். சமூகத்திடம் 101 எழுதினால் வார்னிங்.

சென்ற வாரம் அப்படித் திரும்பியது ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவருக்கான பேட்ச். அந்த டிரைவரில் 64 பிட் எண் ஒன்றை நேராக '/' போட்டு வகுத்திருந்தார்கள். 32 பிட் ஏஆர்எம்மில் அதற்கு ஒற்றை இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லை. கம்பைலர் லிப்ஜிசிசியில் உள்ள துணை ஃபங்ஷனைக் கூப்பிடும். கெர்னல் லிப்ஜிசிசியோடு லிங்க் ஆவதில்லை. எல்லாம் கம்பைல் ஆகி முடிந்த பிறகு, மாட்யூல்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் 'அண்டிஃபைன்ட்' என்று சொல்லிப் படுத்துவிடும். இதே டிரைவருக்குச் சமூகம் முன்பு கொடுத்த சான்றிதழ்: 0 எரர், 0 வார்னிங், அனுப்பத் தயார்.

இதற்கான மருந்து ஊரறிந்தது: '/' போய்க் கெர்னலின் சொந்த வகுத்தல் ஃபங்ஷனான டிவ்_யு64 வரும். ஃபங்ஷன் பெயர், அடைப்புக்குறிகள், கமா எல்லாம் சேர்ந்ததில் 93 எழுத்தாக இருந்த வரி 101 ஆயிற்று. அதில் 24 எழுத்து, உள்ளே தள்ளி எழுதிய மூன்று டேப்புக்கே சரி. மெயின்டெய்னரிடமிருந்து வந்த பதில், செக்பேட்ச் ஓட்டிவிட்டு அனுப்பவும் என்பது மட்டுமே. மொய் திரும்பிவிட்டது.

வரியை மடித்தாலும் சும்மா விடமாட்டார்கள். நெட்வொர்க் டிரைவர் என்றால் ஸ்ட்ரிக்ட் முறை தானாகவே வந்துவிடும். மடித்த பகுதி மேல்வரியின் அடைப்புக்குறிக்கு நேராக நிற்க வேண்டும். லாக் செய்தியின் வாசகத்துக்கு மட்டும் நீள வரம்பு கிடையாது, கிரெப்பில் தேட வேண்டுமே! மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தால் 101 என்ன, 1001 மொய்யும் ஏற்கப்பட்டிருக்கும்.

பில்டே ஆகாத கோடு உள்ளே சொகுசாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய வந்த கோடு வெளியே நிற்கிறது. 32 பிட்டுக்கு ஒரு தரம் மேக் அடித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எழுத்து எண்ண மட்டும் எல்லாருக்கும் நேரமிருக்கிறது. இது ரிவ்யூவா? பொறுத்தருள்க, சமூகத்தின் கண்கூர்மைக்கு ஈடில்லை.

சமூகம் வழிகாட்டிதான், மனிதர் யோசித்து முடிவெடுப்பதற்கு மாற்றல்ல, மீறினால்தான் கோடு தெளிவாக இருக்குமென்றால் அப்படியே விடலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. அந்தப் பக்கத்தை மெயின்டெய்னர்களும் ஒருமுறை புரட்டினால் நல்லது.

ஆகவே டிரைவர் பேட்ச் எதுவானாலும் முதலில் 32 பிட்டிலும் 64 பிட்டிலும் ஆல்மாட்கான்ஃபிக் பில்ட் ஓட வேண்டும். எழுத்து எண்ணுவது அதற்குப் பிறகு. பில்ட் எரரைத் தீர்க்கும் வரி ஓரெழுத்து நீண்டால் அதை அப்படியே ஏற்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
விண்ணப்பதாரர்.

இணைப்பு: பேட்ச், இரண்டாம் பதிப்பு. வரி மடிக்கப்பட்டுள்ளது, அடைப்புக்குறிக்கு நேராக.