நாயுடன் வீடு திரும்புதல்: தக்கோலம் முதல் மைசூரு வரை ஓர் ஒப்பாய்வு

நாயுடன் ஊர் சுற்றப் போவது பற்றி ஆலோசனை சொல்லாதவர் இல்லை. நாயுடன் வீடு திரும்புவது பற்றியோ தமிழில் ஆய்வே கிடையாது. இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம், படுக்கையும் கேஸ் அடுப்பும் பொருத்திய பழைய டெம்போ டிராவலர். இதைக் கேரவன் என்று சொல்லிவிட்டால், எந்த நடிகர் இறங்குகிறார் என்று டீக்கடையே எட்டிப் பார்க்கும். இறங்குபவர்கள் பைரவன் என்ற ராஜபாளையமும் சின்னா என்ற தெருநாயும்.

1. முன்னோடிகள்

தருமர் சொர்க்கத்துக்குப் புறப்பட்டபோது நாயைத் தேரில் ஏற்ற இந்திரன் மறுத்தான். அது போகிற பயணம். நம் பொருள் திரும்புகிற பயணம். எனவே மகாபாரதம் தள்ளுபடி.

2. கல்வெட்டுச் சான்று

கி.பி. 949 வாக்கில் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் மாண்டான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம், வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. மைசூருக்குப் போகும் வழியில், மத்தூர் வட்டத்து ஆதகூரில் காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்தோடு அது இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராஜாதித்தன் யானை மேல் எப்படிச் செத்தான் என்பதற்கு அறிஞர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காளி எப்படி மணலேரன் வீடு வந்து சேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாட்டு வண்டியில், தலையை வெளியே நீட்டியபடி வந்தது எனலாம். சான்று? 'எனலாம்' போட்ட வாக்கியத்துக்குச் சான்று கேட்பது நம் துறையில் மரியாதையில்லை.

3. வகைப்பாடு

அ. ஜன்னல் நாய்: ராணிப்பேட்டை, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒவ்வோர் ஊரையும் மூக்கால் பதிவு செய்வது.

ஆ. தூங்கும் நாய்: ஆய்வுக்கு உதவாது.

இ. வாந்தி நாய்: புறப்படுமுன் வயிறு முட்டச் சோறு போட்டவரைத்தான் ஆராய வேண்டும்.

4. மத்தூர் வடைச் சிக்கல்

2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை, மத்தூரை மேம்பாலத்தில் தாண்டிவிடுகிறது. வடை வேண்டுவோர் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டும். இறங்கினோம். ரவையும் அரிசி மாவும் மைதாவும் வெங்காயமும் சேர்ந்த அந்தத் தட்டை வடை, எண்ணெய் ஊறிய காகிதத்தில் முன்சீட்டுக்கு வந்தது. பைரவனின் தலை என் தோள் வழியாக வந்தது. வாயோரத்தில் ஒரு எச்சில் இழை நீண்டு, கியர் கம்பி மேல் இறங்கி, அறுந்தது.

இங்கே ஆதகூர்க் கல்வெட்டு கைகொடுக்கிறது. காளியின் கல்லுக்குப் பூசை வைக்காமல் சாப்பிடும் பூசாரியைப் பாவம் சேரும் என்பது அதன் எச்சரிக்கை. நாய்க்கு முன் மனிதன் உண்ணலாகாது என்பதே இதன் பொருள் என்பார் பைரவனார் ('வடை உரை', முணுமுணுப்புப் பதிப்பு, பின்சீட்டு). அவ்வளவு வேண்டாம், பாதி வடை போதும் என்று சின்னா மறுப்பார் ('மேற்படி உரைக்கு மறுப்பும் அம்மறுப்புக்கு வாலாட்டலும்', இரண்டாம் குரைப்பு, காகிதத்தோடு சேர்த்துத் தின்னப்பட்டதால் கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை). இருவர் உரையையும் ஒப்புநோக்கி, ஒரு டோல்கேட் ஊழியர் ஃபாஸ்டேக் வேலை செய்யாத இடைவெளியில் எழுதாமலே விட்ட அணிந்துரை இன்றளவும் மறுக்கப்படவில்லை.

உரையாசிரியர் இருவரும் வெங்காயத்தைத் தொடவே இல்லை. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வடையில் இருப்பது போதாதா? சிக்கலான அடி வந்தால் 'பொருள் வெளிப்படை' என்று எழுதிக் கடந்துபோவது உரை மரபில் பழைய பழக்கம்தான்.

5. வீட்டை உணர்தல்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டியதும் தூங்கும் நாயும் எழுந்துவிடும். காற்றின் வாடையாலா, வண்டியின் வேகம் குறைவதாலா என்பதைக் கருத்தரங்குக்கு விட்டுவிடுகிறேன். அவர்களுக்கும் மதிய உணவுக்கு ஒரு காரணம் வேண்டும்.

6. முடிபு

தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அடுக்கிக் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. நாயை வீட்டுக்கு அனுப்ப வண்டிக் கதவைத் திறந்தால் போதும். ஆகவே அறிஞரைவிட நாய்க்கு ஊர் நினைப்பு அதிகம் என்பது நிறுவப்பட்டது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மத்தூரில் இறங்குங்கள், நாய்க்குத் தண்ணீர் வையுங்கள், வடை வாங்குங்கள், அதன் கண்ணில் படாமல் தின்னுங்கள். பாவம் சேர்ந்தால் என் பெயரை மேற்கோள் காட்டிக்கொள்ளலாம்.