லூமன் புளுகர்கள்

காய்கறிக்கார அம்மாவின் தராசில் 50 கிராம் குறைந்தால் கேட்க ஆள் உண்டு. தொழிலாளர் துறையிலிருந்து வருவார்கள், எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள், வழக்கும் போடுவார்கள். 83 லட்சம் புள்ளி என்று ஆசை காட்டி 9 லட்சத்துச் சொச்சத்தைக் கட்டிக் கொடுக்கும் புரொஜெக்டர் வியாபாரியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இணையச் சந்தைகள் அவரை முதல் பக்கத்தில் உட்காரவைத்து நாலரை நட்சத்திரம் குத்தியிருக்கின்றன.

4கே என்றால் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள்; பெருக்கினால் சுமார் 83 லட்சம். மலிவுப் பெட்டிகளில் '4கே' கொட்டை எழுத்தில் இருக்கும். 'சப்போர்ட்' எறும்பு ஊர்ந்த மாதிரி ஓரத்தில் கிடக்கும். அதாவது 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், சுவரில் அடிக்கும்போது பலவற்றில் 1280-க்கு 720, அந்த 9 லட்சத்துச் சொச்சம்தான்.

பெரிய கம்பெனிகள் இவ்வளவு கீழே இறங்குவதில்லை. வீட்டு உபயோக டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் படம் காட்டும்) லேசர் புரொஜெக்டர்கள் பலவற்றில் இருப்பது 1920-க்கு 1080 கண்ணாடிகள் கொண்ட 0.47 அங்குலச் சில்லு. ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் படத்தை நாலு இடத்துக்கு இம்மி நகர்த்தி 83 லட்சம் கணக்குக் காட்டுகிறது. படம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. அதைப் பெட்டியில் எழுத என்ன கூச்சம்? அத்தனை புள்ளியும் சில்லிலேயே வேண்டுமென்றால் சோனி, ஜேவிசி என்று போய்ப் பல லட்சம் அழ வேண்டும்.

கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 20 லட்சத்துக்கு ஒன்றாம்! கறுப்புக் காட்சி வந்ததும் லேசரையே அணைத்துவிட்டு எடுத்த அளவு அது. அந்தக் கணக்கில், சுவிட்சை அணைத்த எங்கள் வீட்டு டியூப்லைட்டின் கான்ட்ராஸ்ட்டை எழுத எண்ணே போதாது.

இத்தனையும் பொறுக்கலாம். லூமன் புளுகைப் பொறுக்க முடியாது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, விழும் வெளிச்சத்தை அளந்து சொல்வது ஆன்சி லூமன். அந்த 'ஆன்சி'யை மட்டும் விழுங்கிவிட்டு 9,000, 12,000 என்று அள்ளி விடுகிறார்கள். லென்ஸைத் தாண்டுவதற்கு முன்பே செத்துப்போகும் வெளிச்சத்துக்கும் சேர்த்து நம்மிடம் காசு. பட்டப்பகலில் ஹாலில் மேட்ச் பார்க்கலாம் என்று நம்பி வாங்கியவர், ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு வியர்வையில் குளிக்கிறார். அமெரிக்காவில் இந்தப் புளுகுக்காக எப்சன் நிறுவனம் சில போட்டிக் கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தது.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. அதிகாரிகளே, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. வாங்க பட்ஜெட் இல்லையென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் நாங்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறோம், வசூல் பண்ணித் தருகிறோம்.