கடல் உண்டு, குளியல் இல்லை

தாராவி, மும்பை

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

போனில் சொன்னால் அத்தான் பாதியிலேயே உங்கள் பனங்காட்டு வழக்கைப் பற்றிப் பேசப் போய்விடுவீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மருமகன் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

பம்பாய்க்கு வந்தால் கடலில் குளிக்கலாமா என்ற அத்தானின் முதல் கேள்விக்கு முதலில் பதில். பம்பாயில் கடல் இருக்கிறது, மூன்று பக்கமும் இருக்கிறது. குளிக்க முடியாது. குலசைக் கடலில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு முத்தாரம்மன் கோயிலுக்குப் போகிற மனுஷன் நீங்கள். அந்த நினைப்பில் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து சௌபாத்திக் கடலில் இறங்கிவிடாதீர்கள். ஊர்ச் சாக்கடையும் அந்தக் கடலுக்குத்தான் போகிறது. இறங்கினால் அக்கா உங்களை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். வெளியே நிறுத்திவைக்க என் வீட்டுக்கு வாசலும் கிடையாது.

வீட்டைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்தபிறகு முகம் சுளிக்கக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு. ஏணி வைத்து ஏறும் மேல்தட்டு ஒன்று. அக்காவும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் மேலே, நாம் இருவரும் கீழே. அத்தான் உயரத்துக்குக் கால் அடுப்படிக்குள் நீளும். நடு ராத்திரியில் குடத்தை உதைக்காமல் இருந்தால் போதும். விடியுமுன் எங்கள் சந்தில் இட்லி வெந்துவிடும். நம்மூர்ப் பையன்கள் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி பம்பாய் முழுக்க விற்கக் கிளம்புவார்கள். மாடி வீட்டுச் சேட்டு சாப்பிடுகிற இட்லி எங்கே அவிந்தது என்று சேட்டுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

‘நாயகன்’ எடுத்த இடத்தைக் காட்டு என்று மருமகன் கேட்டானாம். 1987-இல் அந்தப் படத்துக்காகத் தோட்டா தரணி போட்ட தாராவி சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குள் இருந்தது. அதைப் பார்க்க இவ்வளவு தூரம் ரயிலில் வரவேண்டாம். நிஜ தாராவியில் பானை வனைகிற கும்பார்வாடாவைக் காட்டுகிறேன், தோல் பை விற்கிற கடைகளைக் காட்டுகிறேன். இந்த இடமே ஒரு காலத்தில் கழிமுகத்து மீனவர் ஊர். அவர்களுடைய கோலிவாடா இன்னும் இருக்கிறது, மீன்தான் இல்லை.

இனி கடல். மாஹிமில் ரயில் ஏறி சர்னி ரோட்டில் இறங்கினால் எதிரே சௌபாத்தி. 1920-இல் திலகரைத் தகனம் செய்தது இந்த மணலில்தான்; சிலை நிற்கிறது. அக்காவுக்குப் பேல் பூரி வாங்கித் தருவேன். பொரியில் வெங்காயமும் புளிச் சட்னியும் போட்டுக் கிளறித் தருவான். “இதுக்கா காசு?” என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே கேட்டுவிடக் கூடாது. இங்கே பல பேருக்குத் தமிழ் புரியும். அங்கிருந்து தெற்கே நரிமன் பாயிண்ட் பக்கம் மரீன் டிரைவ் சுவரை ஒட்டியே நடக்கலாம். ரோட்டின் மொத்த நீளம் 3.6 கிலோமீட்டர். வழியில் யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். பம்பாயில் இலவசமாகக் கிடைக்கிற ஒரே விசாலமான பொருள் அந்தச் சுவர்தான்.

அத்தான், அதுதான் எங்கள் ஊருக்குத் திண்ணை. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடக்கூட இடம் கிடையாது. சத்தம் போட்டால் மூன்று வீட்டுக்காரன் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவான். அதனால் ரயில் ஏறிப் போய் அந்தச் சுவரில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சண்டை போட்டு, கடலை வாங்கித் தின்று, சமாதானமாகித் திரும்புவோம். காதல் பண்ணுகிற பிள்ளைகளும் அங்கேதான். வேலை போனவனும் அங்கேதான். எல்லோரும் ஊருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், அக்காவிடமும் சொல்லிவையுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்குத் தலை சுற்றும். நம்மூரில் சூரியன் கடலில் இருந்து எழும்புகிறது, இங்கே கடலுக்குள் போய் விழுகிறது. அதைப் பார்க்கச் சாயங்காலம் ஆறு மணிக்கே இடம் பிடிக்கவேண்டும்.

கேட்வே ஆஃப் இந்தியா பார்த்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஊரில் யாரும் நீங்கள் வந்ததாக நம்பமாட்டார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியபோது இந்த வாசல் கிடையாது. அட்டையில் செய்த மாதிரியைத்தான் பார்த்தார். கட்டி முடிய 1924 ஆயிற்று. 1948 பிப்ரவரி 28-இல் கடைசி வெள்ளைக்காரப் பட்டாளம் அதன் வழியாகவே கப்பலேறியது. ஒரு வாசல் கட்ட ஆன காலத்தைப் பார்த்தால், நம் பஞ்சாயத்துக் கான்ட்ராக்டரை அத்தான் இனிமேல் அதிகம் திட்டமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்தே எலிஃபண்டா தீவுக்குப் படகு, ஒரு மணி நேரம். திங்கட்கிழமை குகை அடைப்பு. மேலே ஏற நூற்றுக்கும் அதிகமான படி. குரங்கு அக்கா கைப்பையைத்தான் முதலில் பார்க்கும். உள்ளே மூன்று முகத்தோடு சிவன், ஏறக்குறைய இருபது அடி உயரம், ஒரே பாறை. இந்த ஊரில் நான் பார்த்ததில் வாயடைத்து நின்றது அங்கே மட்டும்தான். பூசை கிடையாது, விபூதி கிடையாது; அக்கா சூடத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரவேண்டாம். தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கல்யானை எங்கே என்று கேட்பீர்கள். அது பைகுலா மியூசியத்து வளாகத்தில் நிற்கிறது.

அக்காவின் நேர்த்திக்கடன் பட்டியலுக்கு ஒன்றும் குறையில்லை. ஹாஜி அலி தர்காவுக்குக் கடலுக்குள் பாதை. தண்ணீர் ஏறினால் பாதை மூழ்கும், வற்றினால் தெரியும். அதனால் காலையில் பேப்பரில் ராசிபலன் பார்க்கிற கையோடு கடல் ஏறும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பாந்திராவில் மவுண்ட் மேரி மாதா கோயிலில் கால்வலிக்கு மெழுகுக் கால் வைக்கலாம், வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு. நான் வைத்த மெழுகு வீடு அநேகமாக என் வீட்டைவிடக் கொஞ்சம் பெரியது. செம்பூர் சேடா நகரில் நம் முருகனும் இருக்கிறான், 108 படி ஏறவேண்டும். திருச்செந்தூரில் கடலோரம் நிற்பவன் இங்கே மேட்டில் ஏறிக்கொண்டான். மழைக்காலத்துப் பம்பாயைப் பார்த்தவர்கள் அதில் குறை சொல்லமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் என்று ஒரு ஓட்டல், 1940-இல் ஆரம்பித்தது. பெயர்தான் மெட்ராஸ், நடத்துவது காமத் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பேரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஸ்டேஷன் பக்கம் ராம நாயக் ஓட்டலில் வாழையிலைச் சாப்பாடு. சாம்பார் லேசாக இனிக்கும். அத்தான், தயவுசெய்து சமையல்காரனைக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள்.

லோக்கல் ரயிலுக்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அரை நிமிஷம்கூட நிற்காது. இறங்குகிற ஸ்டேஷனுக்கு முன் ஸ்டேஷனிலேயே முன்னால் நிற்பவன் முதுகைத் தட்டி “உதர்னா ஹை?” என்று கேளுங்கள். அவனும் இறங்குகிறவன் என்றால் அவன் பின்னால் நில்லுங்கள். மீதியைப் பின்னால் இருக்கிற ஜனம் பார்த்துக்கொள்ளும். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் வந்து நின்றால் நகர்ந்து கொடுக்கவேண்டும், அது சட்டம் இல்லாத சட்டம். ஆட்டோக்காரன் பேரம் பேசாமல் மீட்டர் போட்டு ஓட்டுவான். அதைப் பார்த்து அத்தானுக்கு மயக்கம் வந்தால் தண்ணீர் என்னிடம் இருக்கும். ஆனால் சயான், மாஹிம் தாண்டித் தெற்கே ஆட்டோ வராது.

ஆடி, ஆவணியில் மட்டும் வரவேண்டாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. நம்ம ஜில்லாவில் ஒரு வருஷம் சேர்த்துப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. மழைக்காலத்தில் கடல் பொங்கினால் எலிஃபண்டா படகும் ஓடாது, மரீன் டிரைவ் சுவரில் உட்காரவும் விடமாட்டார்கள்.

தை மாதம் வாருங்கள். பொங்கலன்று தாராவிப் பிள்ளையார் கோயில் பக்கம் தெருவெல்லாம் பானை வைப்பார்கள். அக்கா ஒரு பானை வைக்கட்டும். நாகர்கோவில்–மும்பை ரயிலுக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கும். அன்று காலையிலேயே மருமகனை உட்காரவையுங்கள், மத்தியானம் ஆனால் வெயிட்டிங் லிஸ்ட்தான். அத்தானுக்குக் கீழ் பெர்த் கேட்கச் சொல்லுங்கள். உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ கொண்டுவாருங்கள், பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாக வேண்டும். துண்டு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்