எல்லாத்தையும் மூடிட்டியா?

கணினியை அணைக்க ஒரு நேரமும் ஒரு முறையும் ஓர் ஆளும் இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் அந்த ஆள் அண்ணன். 1999இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, மானிட்டர் அண்ணன் மடியிலும் கேபினட் என் மடியிலுமாக பஸ்ஸில் நெம்மேலி வந்து சேர்ந்த பெட்டி. நெம்மேலி அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். அதற்கு இரண்டு வருடம் முன்பு வரை செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். ஊர் ஓரடி நகரவில்லை.

அண்ணன் திருப்போரூரில் ஓர் அச்சகத்துக்கு டிடிபி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி. பேஜ்மேக்கர் திறந்திருக்கும், கோரல் டிரா திறந்திருக்கும், பின்னால் வின்ஆம்ப்பில் இளையராஜா பாடிக்கொண்டிருப்பார். 32 எம்பி நினைவகத்துக்கு மூன்றும் சேர்ந்தால் மூச்சு முட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு வேலையை நிறுத்துவார். நிறுத்துவது என்றால் எழுந்து போய்விடுவதில்லை. முதலில் பாட்டு நிற்கும். பிறகு கோரல் டிரா. கடைசியில் பேஜ்மேக்கர், அதுவும் ஒன்றுக்கு இரண்டாகச் சேமித்த பிறகு. கீழ்ப்பட்டையில் ஸ்டார்ட் பொத்தானைத் தவிர ஒன்றும் இருக்காது. ஈசிசேரிலிருந்து அப்பா குரல் கொடுப்பார்.

"எல்லாத்தையும் மூடிட்டியாடா?"

கேஸ் சிலிண்டரைப் பற்றியும் கொல்லைக் கதவைப் பற்றியும் கேட்கிற அதே குரல்.

"மூடிட்டேன்பா."

அதற்கப்புறம்தான் ஷட்டவுன். நிறுத்துவதற்கு ஸ்டார்ட் பொத்தானை அமுக்கச் சொல்கிறார்களே என்று 1995இல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து உலகமே கிண்டல் செய்துகொண்டிருந்தது. அண்ணன் சிரிக்க மாட்டார். திரை கறுத்து, இனி கணினியை அணைத்தால் ஆபத்தில்லை என்று ஆரஞ்சு எழுத்தில் ஒரு வரி ஆங்கிலத்தில் வரும். எங்களுடையது பழைய ஏடி வகைக் கேபினட். தன்னைத் தானே அணைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. மனிதக் கை வேண்டும். அண்ணன் அந்த வரியை முழுக்கப் படித்துவிட்டு முன்பக்கப் பொத்தானைத் தட்டுவார். அப்புறம் யூபிஎஸ், அப்புறம் ஸ்டெபிலைசர், அப்புறம் சுவர் ஸ்விட்ச். கடைசியாக அம்மா தைத்த பூப்போட்ட உறை. அதைப் போர்த்தியதும் வீடு தூங்கலாம்.

இவ்வளவு மரியாதையும் பயத்தில் வந்ததுதான். நிரல்கள் திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் மறுநாள் பெட்டி சும்மா எழுந்துவிடாது. நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் வந்து நிற்கும். நேற்று ஒழுங்காக மூடவில்லை, இந்தச் செய்தி மறுபடி வரக் கூடாது என்றால் முறைப்படி மூடப் பழகவும் என்று கண்டிக்கும். போனது மின்சாரம், திட்டு நமக்கு. அது மெல்ல ஊர்ந்து முடிப்பதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். முடித்த பிறகு சில நாள் வட்டில் பேர் தெரியாத துண்டுக் கோப்புகள் கிடக்கும். போன மாதப் பத்திரிகையின் பாதி மாப்பிள்ளை அதில் ஏதோ ஒன்றுக்குள் இருப்பார் என்பது அண்ணனின் ஊகம்.

காரணம் எளிது. 'சேமி' என்றதும் கணினி சரி என்று சொல்லிவிடும். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணமே வட்டில் எழுதிவிடாது. வேகத்துக்காகக் கொஞ்சத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதும். வாங்கிய காசைக் கல்லாவில் போடாமல் மடியில் முடிந்து வைத்திருக்கும் கடைக்காரரின் பழக்கம் அது. ஷட்டவுன் என்பது மடியை அவிழ்த்துக் கல்லாவில் கொட்டும் நேரம். அதற்குள் விளக்கு போய்விட்டால் கணக்கு உதைக்கும். எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பாதி எழுதியபடி நின்றுவிட்டால், கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து, வீட்டுக் கணினிகளுக்கும் என்டிஎஃப்எஸ் முறை பரவிய பிறகுதான் இதற்கு ஒரு விடிவு வந்தது. செய்யப்போவதை முதலில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும் முறை அது. பாதியில் நின்றாலும் குறிப்பைப் பார்த்து அட்டவணையை நேர்செய்துகொள்ளும்.

எதையும் மூடாமல் நேரே ஷட்டவுன் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் செய்தே காட்டினார். கணினி ஒவ்வொரு நிரலிடமும் போய், மூடலாமா என்று கேட்கிறது. பேஜ்மேக்கர் நம் பக்கம் திரும்பி, மாற்றியதைச் சேமிக்கவா என்கிறது. ஆமாம், வேண்டாம், கேன்சல். அந்தக் கேன்சலை அமுக்கினால் மொத்த ஷட்டவுனும் ரத்து. ஒரே ஓர் எதிர்ப்பு ஓட்டில் தீர்மானம் தோற்றுப்போகும். பின்னால் வந்த எக்ஸ்பி, பதில் சொல்லாத நிரலுக்கு 20 நொடி தவணை கொடுத்தது. ஒரு பட்டை நகர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் 'இப்போதே முடி' என்று ஆங்கிலத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்க அண்ணனுக்கு மனசே வராது.

"இருடா, பாவம், உள்ள ஏதோ எழுதிட்டிருக்கு" என்பார்.

மூடுவது அந்தக் காலக் கணினிக்கே கைவராத வித்தை. விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு, மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தத் திரையிலேயே உறைந்துபோவதில் பேர் பெற்றது. அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எதையும் திறக்காத, மூடுவதற்கு மட்டுமேயான மென்பொருள்.

இதில் கடற்கரை ஊருக்கு ஒரு தனி உபத்திரவம். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். ஜன்னல் கம்பியைத் தின்று முடித்த உப்புக்காற்று அடுத்து கேபினட்டுக்குள் நுழையும். ஒரு வாரம் போடாமல் வைத்திருந்தால், போடும்போது திரையில் ஒன்றும் வராது. பீப் பீப் என்று கத்தும். மெக்கானிக் வருவார். ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரை வாங்கி, அதன் பொன்னிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்ப்பார். தூசியை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவார். பெட்டி ஓடும்.

"டெய்லி ஒரு மணி நேரமாவது போட்டு வைங்க சார். உள்ள சூடு இருந்தாதான் ஈரம் அண்டாது."

போட்டு வைத்தால் மின்சாரம் போய்க் கெடும். அணைத்து வைத்தால் ஈரம் சேர்ந்து கெடும்.

2008க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு மின்வெட்டுக் காலம். 2012இல் சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால், சென்னைக்கு வெளியே அதைப் போலப் பல மடங்கு. நெம்மேலி சென்னைக்கு வெளியே. தெற்கே கல்பாக்கத்தில் 1980களிலிருந்தே அணுமின் நிலையம் ஓடுகிறது. 2013 பிப்ரவரியில் எங்கள் ஊரிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், தென்சென்னைக்கு. பக்கத்தில் பிறந்த மின்சாரம் தலைக்கு மேலேயும், ஊரிலேயே பிறந்த தண்ணீர் காலுக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு வாய்த்தது யூபிஎஸ்ஸின் கூக்குரல்.

அது கத்த ஆரம்பித்தால் பத்து நிமிடம் அவகாசம். பேட்டரி கிழடு என்றால் இரண்டு. கல்யாணப் பத்திரிகைக்குப் பரவாயில்லை, மறுநாள் செய்யலாம். கண்ணீர் அஞ்சலிக்கு மறுநாள் கிடையாது. விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். பேஜ்மேக்கரில் ஒரு நல்ல குணம் உண்டு. பக்கத்தைத் திருப்பும்போது தானாகவே ஒரு குட்டிச் சேமிப்பு செய்துகொள்ளும். ஆனால் கண்ணீர் அஞ்சலிக்கு ஏது இரண்டாம் பக்கம்? இறந்தவரின் பெயர், பிறப்பு, மறைவு, கீழே குடும்பத்தார், உறவினர், நண்பர்கள் என்று ஒரே பக்கம். ஒவ்வொரு பெயர் அடித்ததும் அண்ணனின் இடது கை கண்ட்ரோலுக்கும் எஸ்ஸுக்கும் தானாகப் போகும். சாப்பிடும்போதுகூட அந்த விரல்கள் தட்டின் ஓரத்தில் ஆடுவதை அண்ணி பார்த்திருக்கிறார்.

இந்தச் சட்டத்தையெல்லாம் ஒரே நாளில் கலைத்தது அரசின் மடிக்கணினி. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அண்ணன் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எல்லாவற்றையும்விட, பேட்டரி இருந்தது. மின்சாரம் போன செய்தி திரைக்கு எட்டவே இல்லை. ராத்திரி அவள் பாட்டுக்கு மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் மூடிட்டியா?"

"மூடிட்டேன் தாத்தா."

மூடியது மூடியை மட்டும். உள்ளே அத்தனையும் திறந்துதான் கிடந்தது. அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது என் மகனின் மடிக்கணினி. பிரௌசரில் எந்த நேரமும் நாற்பது தாவல்களுக்குக் குறையாது. பாதியில் நிற்கிற படம், பாதி படித்த பாடம், யாருக்கோ எழுதத் தொடங்கிய கடிதம். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. எங்களுக்கு மின்சாரம் போனது. பேட்டரியும் தீர்ந்து, அவனுடைய கணினி தானாகவே அணைந்தது. அந்தக் காலமாக இருந்தால் வீட்டில் துக்கம் அனுசரித்திருப்போம். மின்சாரம் வந்ததும் கொட்டாவி விட்டபடி போட்டான். தாவல்கள் வரிசை மாறாமல் வந்தன. 2006லேயே ஃபயர்ஃபாக்ஸ் கற்றுக்கொண்ட வித்தை இது. இன்று எல்லாப் பிரௌசருக்கும் தெரியும். கடிதம் எந்தச் சொல்லில் நின்றதோ அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோடு கண் சிமிட்டியது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்படா சேவ் பண்ணின?"

"சேவ் எதுக்கு பெரியப்பா பண்ணணும்?"

அண்ணனுக்கு இது ஒழுக்கக்கேடு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைய ஒழுக்கம் எங்கள் குணத்தால் வந்ததில்லை. மின்சாரத்தின் குணத்தால் வந்தது. கணினியின் பலவீனத்துக்கு நாங்கள் காவல் காத்தோம், அதற்குப் பண்பாடு என்று பேர் வைத்துக்கொண்டோம். ஆனால் அதில் ஒரு லாபம் இருந்தது. தினமும் ஒன்பதரைக்கு ஒவ்வொரு வேலையாக எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லியாக வேண்டும். இப்போது கணினி எதையும் மறப்பதில்லை, அதனால் நாமும் எதையும் முடிப்பதில்லை. முறைப்படி மூடும் பழக்கம் எங்கள் ஊரில் மிச்சமிருப்பது கடல்நீர் ஆலையில்தான். 2024 பிப்ரவரியில் பக்கத்திலேயே 15 கோடி லிட்டரில் இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. பராமரிப்புக்காக நிறுத்துவதென்றால் முன்கூட்டியே அறிவிப்பு வரும். எந்தெந்தப் பகுதி, எந்தத் தேதி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், அவசரத்துக்கு லாரி கேட்கவும். அப்பா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வீட்டுக் கணினியோ இப்போது வேறு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. ஷட்டவுன் கொடுத்தால், திறந்திருக்கும் நிரல்களின் பட்டியலைத் திரை முழுக்கப் போட்டு, இருந்தாலும் அணைக்கவா என்கிறது. யாரும் படிப்பதில்லை, அமுக்கிவிட்டுப் போகிறோம். சில நாள், புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே என்று நமக்கே உத்தரவு போடுகிறது. முன்பு அதன் அனுமதிக்காக நாம் காத்திருந்தது பயத்தில். இப்போது காத்திருப்பது வேறு வழியில்லாமல்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8லிருந்து, பெரும்பாலான கணினிகளில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் கிடையாது. நம் நிரல்களை மூடிவிடும். ஆனால் இயங்குதளத்தின் மையத்தை அப்படியே ஒரு கோப்பாக வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எழுப்பும். சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. "தினமும் ஷட்டவுன் பண்றேன், ஆனாலும் ஸ்லோவாவே இருக்கே" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்: நேற்றைய தொல்லை அணையவே இல்லை. புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். ஆக, மூட நினைத்தால் மறுபடி தொடங்கு என்று அமுக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானைக் கிண்டல் செய்தவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனவே, வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். முழுக்க அணைய வேண்டுமென்றால் ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு ஷட்டவுனைச் சொடுக்குங்கள். கணக்குக்கு டேலி வைத்திருப்பவர்கள், பென்டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்து வேலை பார்ப்பவர்கள், அதற்கு முன் ஒவ்வொன்றாகச் சேமித்து மூடுங்கள். அவை இன்னும் 1999இல்தான் இருக்கின்றன.