பாசிக்குச் சட்டம்

ஆஹன், ஜெர்மனி



மாணவர் சிலர் ஆளுக்கோர் அறை எடுத்துக்கொண்டு, அடுப்படியையும் குளியலறையையும் பொதுவில் வைத்துக்கொள்ளும் குடித்தனத்துக்கு ஜெர்மனியில் 'வேகே' என்று பெயர். அத்தகைய வீட்டில் உயிருள்ள செடியைக் காட்டிலும் உயிரில்லாத செடிக்கே ஆயுள் கெட்டி. சென்ற ஞாயிறு வீடியோ அழைப்பில், 'செவத்துல என்னடா அது, பாசியா?' என்று அம்மா கேட்ட கேள்விக்கு விடையாகவே இக்கடிதம் எழுதப்படுகிறது. (தன்னைப் பற்றியே பேசும் கடிதத்தில் அப்பா சிவப்பு மையால் கோடு போடுவார் என்ற அச்சத்தால், எழுதுபவன் இதில் 'மாணவன்' என்றே குறிக்கப்படுகிறான்.)

பாசிதான்; அதுவும் காசு கொடுத்து வாங்கியது. அப்பா வழுக்கி விழுந்த ஆண்டு முதல் துவைகல்லைச் சுற்றி ப்ளீச்சிங் பவுடர் தூவித் தேய்க்கப்படும் சமாசாரம், இங்கே மரச்சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது என்பதைச் சித்தியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நுணுகிப் பார்த்தால் இது பாசியும் அன்று: கலைமான் பாசி எனப்படும் இது நார்வே, பின்லாந்து போன்ற வடக்கு நாடுகளில் வளரும் லைக்கன், அதாவது ஒரு பூஞ்சையும் ஓர் ஆல்காவும் சேர்ந்து குடியிருந்து, ஒன்று இடம் கொடுக்க மற்றது சமைத்துப் போடும் கூட்டுயிர்; பாத்திரம் கழுவுவது யார் என்ற சண்டை வராத ஒரே வேகே அதுவாகத்தான் இருக்கும். அதைக் கிளிசரினில் ஊறவைத்துச் சாயமேற்றிவிட்டால் பல ஆண்டுகள் மெத்தென்று இருக்கும். பதப்படுத்திய தாவரம் என்று சொல்லப்படுவது இதுவே.

இதற்கு முன் அடுப்படி ஜன்னலில் உயிருள்ள செடி ஒன்று இருந்தது: கடைகளில் சிறு தொட்டியில் விற்கும் பாசிலிகும், நம்மூர்த் திருநீற்றுப்பச்சையின் வகை, துளசிக்கு ஒன்றுவிட்ட உறவு. டிசம்பரில் காலை 8.30 மணிக்கு விடிந்து மாலை 4.30 மணிக்கு இருட்டிவிடும் இவ்வூரில் வெளிச்சம் போதவில்லை என்பது மெய்யே. ஆயினும் அதைக் கொன்றது, மற்றவர் ஊற்றியிருக்க மாட்டார் என்று வீட்டிலுள்ள நால்வரும் தனித்தனியே எண்ணி ஊற்றிய தண்ணீர்.

அதன் இடத்துக்குப் பிளாஸ்டிக் செடி வந்தது. ஐக்கியா கடையில் இவ்வகைச் செடிகள் விற்கும் வரிசைக்கு 'ஃபேய்கா' என்று பெயர். ஸ்வீடிஷ் மொழியில் போலியாகச் செய்தல் என்று பொருள். இவ்வளவு நாணயமான போலி வேறெங்கும் கிடையாது. தொல்லை தீர்ந்தது என்று எண்ணிய மாணவன், 'புட்ஸ்பிளான்' எனப்படும் வாராந்தரத் துப்புரவு முறைப்பட்டியலை மறந்துவிட்டான். அதில் 'செடிக்குத் தண்ணீர்' என்று ஒரு கட்டம் உண்டு, நால்வரும் ஒப்பாமல் எந்தக் கட்டத்தையும் நீக்கலாகாது என்பது வீட்டு விதி, ஒருவன் ஒப்பவில்லை. ஆகவே ஐந்து வாரம் பிளாஸ்டிக்குக்கு நீர் ஊற்றியதாக முறைவைத்துக் கையெழுத்திட்டனர். ஆறாம் வாரம், பொய்க் கையெழுத்துப் போட மனம் வராத ஒருவன் உண்மையாகவே ஊற்றிவிட்டான். அடியில் ஓட்டையில்லாத தொட்டி வழிந்து, ரொட்டி சுடும் கருவிக்குள் தண்ணீர் இறங்கியபின் கூடிய கூட்டம், 55 நிமிட விவாதத்துக்குப் பிறகு, 'தண்ணீர்' என்பதை 'இலை துடைத்தல்' என்று திருத்தியது. எத்தனை இலை என்ற கேள்வி எழவே எண்ணிப் பார்க்கப்பட்டது: 64. ஆளுக்கு 16.

பாசியின் வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குத் தண்ணீரும் ஆகாது, வெயிலும் ஆகாது, ஆனால் காற்றில் ஈரப்பதம் வேண்டும். ஹீட்டர் ஓடும் அறையில் அப்பளமாக முறுகிவிடும். ஈரத்துணியை அறைக்குள்ளேயே காயவைத்துப் பாசியை மெத்தென்று ஆக்கிய மாணவன், சில வாரம் கழித்துச் சட்டத்தைக் கழற்றியபோது, பின்சுவரில் கரும்பூஞ்சணம் காசில்லாமலே செழித்திருந்தது. ஹவுஸ்மைஸ்டர் என்னும் கட்டட மேற்பார்வையாளர், ஜன்னலை நாள்தோறும் அகலத் திறந்துவைப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார். மூன்று மாத வாடகை அட்வான்ஸாக முடங்கிக் கிடப்பதால் மாணவன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா என்பது மட்டும் விளையாட்டன்று.

பிளாஸ்டிக்கெல்லாம் ஒரு செடியா என்று அம்மா கேட்கக்கூடும். தாத்தா படத்தில் சந்தனச் சீவல் மாலை எத்தனை ஆண்டாக வாடாமல் தொங்குகிறது என்பதை அம்மாவே கணக்குப் பார்க்கலாம். இவ்வாரம் இலை துடைக்கும் முறை மாணவனுடையது. துடைத்து முடித்ததும் விரலை மூக்கருகே கொண்டுபோகும் துளசிமாடத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை; பாத்திரம் கழுவும் சோப்பு மணக்கிறது.

அடுத்த பார்சலில் ப்ளீச்சிங் பவுடர் வைக்க வேண்டாம், இங்கேயே வாங்கியாயிற்று.