கரைக் கேப்டன்

சியாட்டில் நகரத்து லேக் யூனியன் ஏரியில் படகு வைத்திருப்பவர்களில் ஒரு வகையினரை அக்டோபர் பிறந்ததும் தனியாகத் தெரிந்துகொள்ளலாம். கழுத்தில் மஃப்ளர், கையில் டார்ச், கோட்டுப் பையில் வெப்பமானி. ஊரார் வானிலைச் செய்தியில் மழை உண்டா என்று பார்ப்பார்கள். இவர் 32 என்ற எண்ணைத் தேடுவார். ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைகிற இடம் அது.

படகு 16 அடி அலுமினியம். பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். போன கோடையில் அது கரையை விட்டு நகர்ந்தது 6 நாள். அதில் ஒரு நாள் பெட்ரோல் போடப் போனது. இருந்தாலும் துறையில் அவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர்.

கேப்டன் மினசோட்டாவில் பிறந்திருந்தால் அவருக்கு இந்த வேலையே இருந்திருக்காது. அங்கே ஏரி இறுகி, அதன் மேல் லாரி ஓட்டி மீன் பிடிக்கிறார்கள். படகெல்லாம் முன்கூட்டியே கரையேறிவிடும். சியாட்டில் அப்படியில்லை. கடற்காற்றின் தயவில் ஜனவரி இரவுகூடப் பெரும்பாலும் உறைநிலைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். படகுகள் வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். எப்போதாவது கனடாவின் ஃபிரேசர் பள்ளத்தாக்கு வழியாக வாடைக்காற்று இறங்கி, 2024 ஜனவரியில் செய்ததுபோல, நாலைந்து நாள் ஊரை விறைக்க வைத்துவிட்டுப் போகும். அந்த நாலைந்து நாளுக்காகக் கேப்டன் ஆறு மாதம் தயாராகிறார்.

அவருடைய பயம் பொய்யில்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. இரும்போ அலுமினியமோ, உள்ளே சிக்கிய தண்ணீர் பருத்தால் உலோகம் விரியத்தான் வேண்டும். ஆனால் அவுட்போர்டைச் செய்தவர்கள் இதை முன்னமே யோசித்திருக்கிறார்கள். ஏரித் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிற அந்த மோட்டார், நிறுத்தியதும் செங்குத்தாக நின்றால் போதும், உள்ளே இருப்பதைத் தானே வடித்துவிடும். தூக்கிச் சாய்த்து வைத்தால்தான் வம்பு. மழைநீர் புரொபெல்லர் நடுவில் தேங்கி உறைய வழி உண்டு. ஆகவே இந்த ஏரியில் குளிர்காலத்துக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம், மோட்டாரை இறக்கிவிட்டுச் சும்மா இருப்பது.

சும்மா இருப்பது ஒன்றுதான் கேப்டனுக்கு வராது.

போதாக்குறைக்குப் பக்கத்துப் படகுக்காரர் வேறு. அவர் பேலர்டு லாக்ஸுக்கு அந்தப் பக்கம், உப்புத் தண்ணீரில் பல காலம் படகு வைத்திருந்தவர். 1917-ல் திறந்த அந்த மதகுக்கு வெளியே கடல், உள்ளே ஏரி. கடலில் மோட்டாரை இறக்கியே வைத்தால் சிப்பி ஒட்டும், உலோகம் அரிக்கும். அதனால் அவர் இங்கேயும், “தூக்கி வைங்க கேப்டன், தூக்கி வைங்க!” என்பார். எதிர்ப்பக்கத்து அம்மாள், “இறக்கி வைங்க, ஏரித் தண்ணி காத்தைவிடச் சூடு” என்பார். அம்மாள் சொன்னதுதான் சரி. யாரையும் புண்படுத்த விரும்பாத கேப்டன், காலையில் தூக்கி மாலையில் இறக்கினார்.

மற்ற வைத்தியங்களும் உண்டு. கியர் பெட்டியின் திருகைக் கழற்றி எண்ணெயைச் சொட்டு விட்டுப் பார்ப்பார். விளக்கெண்ணெய்போல ஓடினால் நிம்மதி. பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். குளிரில் பெட்டியே வெடிக்கலாம். இது உருப்படியான சோதனை, வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். அவர் வாரந்தோறும் செய்தார். பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்திருக்கும். நாள்பட்டால் ஈரத்தை இழுத்துப் பிரியும். அதற்கொரு மருந்து ஊற்றினார். அதுவும் சரி.

பிறகு போர்த்தினார் பாருங்கள், ஒரு கம்பளி! போர்வை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் காக்கும். இயங்காத மோட்டாருக்குள் காப்பதற்கு என்ன இருக்கிறது? இதை யாரோ விளக்கியதும் கேப்டன் ஒப்புக்கொண்டு, கம்பளிக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டார். அமெரிக்காவில் 2012-க்குப் பிறகு கடைகளிலிருந்து மறையத் தொடங்கிய அந்தப் பல்பை அவர் அட்டைப்பெட்டி கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். பெட்ரோல் ஆவி, சூடான பல்பு, கம்பளி. குளிர் செய்யாததை இந்த மூன்றும் சேர்ந்து ஓர் இரவில் செய்திருக்கும். துறை மேலாளர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

உண்மையில் கட்டிவைத்த படகுகளைப் பனிக்காலம் மூழ்கடிப்பது பெரும்பாலும் எடையால். 1996 டிசம்பர் கடைசியில், வடக்கே எட்மண்ட்ஸ் படகுத்துறையில், பனியும் அதன்மேல் பெய்த மழையும் தாங்காமல் கூரைகள் இடிந்து படகுகள் மேலேயே விழுந்தன. கேப்டனுக்கு இந்தக் கதை தெரியும். அதனால் பனி விழுந்தால் படகிலிருந்து வழித்துத் தள்ள ஒரு துடுப்பும் வைத்திருந்தார். அந்தத் துடுப்பைக் கவனத்தில் வையுங்கள்.

கடைசியாக பேட்டரி. முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. காலியானதுதான் சாதாரணக் குளிருக்கே உறையும். சார்ஜ் ஏற்றிவிட்டுப் படகிலேயே விட்டிருக்கலாம். கேப்டன் அதைக் கழற்றி, வீட்டில் சாப்பாட்டு அறை அலமாரியில், கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது பழகிய விருந்தாளி.

மே முதல் சனிக்கிழமை சியாட்டிலில் படகுப் பருவத் திறப்பு விழா. மான்ட்லேக் கால்வாய் வழியாகப் படகுகள் அணிவகுக்கும், கரையெல்லாம் கூட்டம். கேப்டன் தொப்பி அணிந்து, மனைவியை உட்காரவைத்து, கயிற்றை அவிழ்த்து, காலால் துறையை ஓர் உந்து உந்தி, சாவியைத் திருகினார். மோட்டாரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

பேட்டரி அலமாரியில் இருந்தது.

இந்த மோட்டார் பிறந்த கதையைத் துறையில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர் கேப்டன்தான். 1906-ல் விஸ்கான்சினில் ஓலி எவின்ரூட் என்ற நார்வேக்காரர், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் படகில் துடுப்பு வலித்துப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிப்போனதாம். அந்த எரிச்சலில்தான் அவுட்போர்டு செய்து, 1909-ல் விற்க ஆரம்பித்தாராம். இப்போது கேப்டன் பனி வழிக்கும் துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார். தண்ணீருக்குள் தொங்கிய மோட்டார் படகைப் பின்னுக்கு இழுத்தது. அதைத் தூக்கும் பொத்தானுக்கும் அதே பேட்டரிதான் வேண்டும்.

பக்கத்துப் படகுக்காரர் கரையிலிருந்து கையைக் குவித்துக் கத்தினார்: “கேப்டன், அப்பவே சொன்னேனே, தூக்கி வைங்கன்னு!”