அடுத்த வருசம் அண்ணாச்சி

ராதாபுரம் வட்டாரத்தில் எந்த வேன் ஸ்டாண்டில் போய் நின்றாலும் இவரைப் பார்க்கலாம். வள்ளியூரில் இருக்கிறார், திசையன்விளையில் இருக்கிறார், கூடங்குளத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார். தோளில் துண்டு, சட்டைப்பையில் டீசல் பில்கள், சொந்தமாக ஒரு வேன், அதற்கு இன்னும் பதினோரு டியூ பாக்கி. "கரண்டு வண்டிக்கு மாறலாம்லா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உடனே டீ சொல்லிவிடுவார். அந்த டீக்கு நாம் கொடுக்கும் விலை முக்கால் மணி நேரம்.

"மாறணும் தம்பி. மாறத்தான் போறேன். அடுத்த வருசம்."

2019லிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார். சொல்வதில் பொய் இல்லை. அடுத்த வருசம்தான் இன்னும் வரவில்லை.

அவருடைய வேனை வெறும் வேன் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரர்கள் படுக்கை, அடுப்பு சகிதம் ஓட்டித் திரியும் கேம்பர் வேனுக்கு நம் ஊர் மச்சான் முறை அது. கேரியரில் அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, ஜமுக்காளம். கார்த்திகையில் சபரிமலை, ஆவணியில் வேளாங்கண்ணி, சாரல் விழுந்தால் குற்றாலம். முன் கண்ணாடியில் திருச்செந்தூர் முருகனும் உவரி அந்தோணியாரும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வருவார்கள். ஒருமுறை கன்னியாகுமரியில் அசல் கேம்பர் வேன் ஒன்றை அண்ணாச்சி உள்ளே போய்ப் பார்த்தார். அந்தத் தம்பதி கட்டிலைக் காட்டினார்கள், தலையை ஆட்டினார். பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினார்கள், அதற்கும் ஆட்டினார். கடைசியில் ஒரு குட்டிக் கதவைத் திறந்து காட்டியதும் இறங்கி வந்துவிட்டார்.

"சாமி படம் மாட்டுத வண்டிக்குள்ள கக்கூஸா? அதும் போக, ரெண்டு பேரு படுத்தா இடம் தீந்து போச்சு. என் வண்டியில இருபத்தியோரு பேரு படுக்கான்."

அவரை வம்புக்கு இழுக்க ஊரே ஒரு காரணம் வைத்திருக்கிறது. கூடங்குளத்துக்காரன் டீசல் ஊற்றலாமா? 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இங்குள்ள அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது அண்ணாச்சிக்கு அரை டிராயர் வயது. 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது, 2016இல் இரண்டாவது. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்றுக்கு ஒரு வேன் என்று வைத்தால், ஒரே உலை பதினாறாயிரம் வேன்களுக்கு மேல் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏற்றும். இது போதாதென்று வீட்டைச் சுற்றிக் காற்றாலைகள் வேறு.

"பால்பண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பாக்கெட் பால்தான் வாங்குதான்" என்பார் அண்ணாச்சி. "கரண்டு இங்கன பொறக்குது. ஆனா நாலாளு உசரத்துக்கு மேல, நம்மள குனிஞ்சுகூடப் பாக்காம, கம்பியில போவுது. முதல் உலையில நம்ம மாநிலத்துக்குன்னு ஒதுக்குனதே 462.5 மெகாவாட்டுதான். எனக்கு மிஞ்சுறது காத்தாடி றெக்கை ஏத்தின லாரிக்குப் பின்னால ஊர்ந்து போறது."

இந்த இடத்தில் 2012 கதை வரும். மாநிலம் முழுக்க மின்வெட்டு தலைவிரித்தாடிய வருசம். உலை இங்கே தயாராகிக்கொண்டிருக்க, அதை எதிர்த்து இடிந்தகரையில் பந்தலில் ஜனம் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி வேன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து வீட்டில் ஒரு லைட்டும் ஒரு குட்டி ஃபேனும் ஓட்டினார், பிள்ளை பரீட்சைக்குப் படிக்க. இன்றைக்குப் புது மின்வண்டிகளின் விளம்பரத்தில், வண்டியிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று பெருமையடிக்கிறார்கள். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்" என்று பேப்பரை மடித்து வைத்தார்.

மாறாமல் இருக்க அவர் சொல்லும் காரணங்களில் முதலாவது நேரம். "டீசல் அஞ்சு நிமிசம். சார்ஜுக்கு ஒரு மணி நேரம். சவாரிக்காரன் சும்மா இருப்பானா?" இதைச் சோதிக்கவே ஒரு வேளாங்கண்ணிப் பயணத்தில் நானும் ஏறினேன். உவரியில் மெழுகுவத்தி. திருச்செந்தூரில் டீ; டீயோடு ஒருவர் கடலில் கால் நனைக்கப் போனார், அவரைத் தேட மூன்று பேர் போனார்கள். தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கக் கடை திறக்கும்வரை காத்திருப்பு. அதற்கப்புறம் ஒரு புளியமரத்தடியில் அண்டாவை இறக்கி உப்புமா கிண்டினார்கள். வேன் நின்ற நேரத்தைக் கூட்டினேன்: ஐந்தேகால் மணி. அண்ணாச்சியிடம் காட்டினேன். "அது நாம நின்னது தம்பி. சார்ஜுக்கு நிக்கிறது வண்டி நின்னதுலா" என்றார். இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் மலை. பேட்டரி வண்டி மலை ஏறாது என்பது அவர் கட்சி. சபரிமலைக்கு வருசா வருசம் போகிறவர். வேனை நிலக்கல்லில் போட்டுவிட்டுப் பம்பைக்குக் கேரள அரசு பஸ்ஸில் போகிறவர். 2018 சீசனில் அந்தத் தடத்தில் மின்சார பஸ்ஸும் ஓடியது. இவரே அதில் ஏறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் மோட்டாரே டைனமோவாகிப் பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்றும் விளக்கினேன். "இறங்கயில ஏறுமாக்கும்!" என்று சிரித்தவர், பஸ் விஷயத்துக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். "அத ஏத்துனது ஐயப்பன்."

மூன்றாவதாக நானே ஒரு சீட்டை இறக்கினேன். பேட்டரி போக்குவரத்து வண்டிக்குப் பர்மிட்டே வேண்டாம் என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்துவிட்டது. அண்ணாச்சி ஒரு நிமிடம் ஆடிப்போனார். பர்மிட்டுக்காக அவர் அலைந்த அலைச்சல் அப்படி. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு செக்போஸ்ட்ல மறிச்சு பர்மிட் எங்கேம்பான். வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிட்டுன்னு அவன்ட்ட யாரு சொல்லுவா? நீங்க கூட வருவியளா?" பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். "பாத்த உடனே மறிப்பான், வாழைத்தோப்பு மாதிரி."

உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. நாலாம் டீயில்தான் அது வாய்விட்டு வந்தது. பெட்ரோல் பல்க்கில் அவருக்குப் பற்றுக் கணக்கு உண்டு. சீசன் இல்லாத மாசத்தில் எழுதி வைத்துவிட்டு, முகூர்த்த மாசத்தில் கொடுப்பார். சார்ஜர் அப்படியா? போனில் பணம் ஏறினால்தான் அது கண்ணைத் திறக்கும். "அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை அதுக்குச் சொல்லத் தெரியுமா?" என்று கேட்டபோது அவர் குரலில் கிண்டல் இல்லை. கிலோமீட்டருக்கு டீசல் ஒன்பது ரூபாய், வீட்டுக் கரண்டில் சுமார் மூன்று, ரோட்டோரச் சார்ஜரில் அதைப்போல இரண்டு பங்கு. இந்தக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கு தெரிந்தவருக்குத்தான் கடனின் அருமை தெரியும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போகிற வேனை இன்றைக்கே மாற்றச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் வருசத்தில் முக்கால்வாசி நாள் அந்த வேன் வேளாங்கண்ணிக்கா போகிறது? காலையில் வள்ளியூரிலிருந்து உலை வேலைக்கு ஆள் ஏற்றி வரும், சாயங்காலம் இறக்கிவிடும். நடுவே எட்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்று காக்கை எச்சம் வாங்கும். மின்சார வேனுக்கென்றே அளந்து வெட்டிய சவாரி அது. இதைச் சொன்னால் அண்ணாச்சி கோபிக்க மாட்டார், தூத்துக்குடிக்குத் தாவுவார். "2025 ஆகஸ்ட்ல வியட்நாம்காரன் அங்கன கார் கம்பெனி தெறந்துட்டாம்லா. இன்னிக்குக் கார் போடுதவன் நாளைக்கு வேன் போடாமலா இருப்பான்? அவசரப்பட்டு இப்ப வாங்கிட்டு அப்புறம் முழிக்கவா?"

போன வாரம் கூடங்குளத்தில் ரோட்டோரமாக நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். துள்ளி விழுந்து திரும்பினால், ஒரு முழம் தள்ளி அண்ணாச்சி, மகளின் பேட்டரி ஸ்கூட்டரில். வீட்டிலிருந்து ஸ்டாண்டுக்குத் தினமும் அதில்தான் வருகிறாராம், ஒரு வருசமாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பாத்தியளா? வந்தது தெரிஞ்சுதா? இதத்தான் நான் சொல்லுதேன்."